தாத்தாவின் பதினான்கு மாதம்

அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கலண்டர் தொங்குகிறது. வருஷப் பிறப்புக்கு ஹட்டனில் ஒரு நகைக்கடையில் கொடுத்தது. மேலே லட்சுமி படம், கீழே மாதத் தாள். அந்தத் தாளில் ஒவ்வொரு நாளின் மூலையிலும் பென்சிலால் ஒரு சின்ன எண் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒன்று குறையும். வீட்டுக்கு வருகிறவர்கள் அம்மாவின் மருந்துக் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. அது என் கனடா நிரந்தர வதிவிட உரிமையைக் காப்பாற்ற மிச்சமிருக்கும் நாள்களின் கணக்கு.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தம்பி முன்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டிய பழைய லயக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று வருஷமாக மனதில் உருண்டுகொண்டிருந்த விஷயம் இது. எழுதாமல் நவம்பரில் விமானம் ஏற எனக்கு மனமில்லை.

2021 ஆகஸ்ட் 10 அன்று நிரந்தர வதிவாளராக டொரொன்டோவில் இறங்கினேன். 2022 நவம்பர் 20 காலையில், குளிக்கப்போன இடத்தில் அம்மா விழுந்துவிட்டதாகத் தம்பி அழைத்தான். இடது கை, இடது கால், வாயின் ஒரு பக்கம். அன்று இரவே கிளம்பிவிட்டேன். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த வருஷம் அது. பிரஷர் மாத்திரை ஒரு கடையில் கிடைத்தால் அடுத்த வாரம் கிடைக்காது. மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். அம்மா சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய ஆறாவது மாதம் இரண்டாவது தடவையாகப் பாரிசவாதம் வந்தது. தம்பி கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். அவன் மனைவிக்குக் கைக்குழந்தை. வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று மாதம் மூன்று வருஷமானது.

அஞ்சு வருஷத்தில் ரெண்டு வருஷம்

கனடாவின் விதி கேட்க மிக எளிது. எந்த ஐந்து வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் 730 நாள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். நாள்கள் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை. இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும் அன்றைய நாள் முழு நாளாகக் கணக்கில் வரும். புதிதாகப் போனவர்களுக்கு, இறங்கிய நாளிலிருந்து ஐந்து வருஷம் முடிவதற்குள் 730-ஐ எட்டிவிட வாய்ப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் அங்கே இருந்தது 468 நாள். இன்னும் 262 வேண்டும். என் ஐந்து வருஷம் 2026 ஆகஸ்ட் 9-ஆம் தேதியோடு முடிகிறது. பின்னோக்கி எண்ணினால் 2025 நவம்பர் 21-க்குள் நான் அங்கே இறங்கியாக வேண்டும். கலண்டரில் எழுதி வைத்த எண்கள் அந்தத் தேதியை நோக்கித்தான் குறைந்துகொண்டு வருகின்றன.

இந்தக் கணக்கு எனக்கே தெளிவாக ஒரு வருஷம் பிடித்தது. அதுவரை ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்காப்ரோவில் என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா, "வருசத்துக்கு ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போம்மா, காட் தப்பும்" என்றார். காட் என்று அவர் சொன்னது நிரந்தர வதிவிட அட்டையை. அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் கனடாவில் முகத்தைக் காட்டிய நாள்கள்தான் கணக்கில் கூடும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சு அமெரிக்க கிரீன் கார்ட் வைத்திருப்பவர்களிடமிருந்து பரவியது என்று நினைக்கிறேன். அங்கேயும் அது முழு உண்மை இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி வரும். ஒரு வருஷத்துக்கு மேல் இருப்பதானால் முன்கூட்டியே, அமெரிக்காவில் இருக்கும்போதே, மீள்நுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குத்தான். நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மா மகன் ஊருக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும், வரி கட்டிய தாளையும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் கைப்பையிலேயே வைத்திருப்பான். அங்கே நாள் எண்ணிக்கையோடு, உன் வீடு இதுதான் என்று இன்னும் நினைக்கிறாயா என்பதையும் பார்க்கிறார்கள். பிரித்தானியாவில் காலவரையற்ற அனுமதி வைத்திருப்பவர் தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அந்த அனுமதி இல்லாமல் போகும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். டொரொன்டோவில் நான் வேலை பார்த்த கணக்கு அலுவலகம், இங்கிருந்தே மடிக்கணினியில் வேலையைத் தொடர அனுமதித்தது. கனடிய நிறுவனத்துக்கு வெளிநாட்டில் வேலை செய்யும் நாள்களும் கணக்கில் சேரும் என்று எங்கோ படித்து நிம்மதியாக இருந்துவிட்டேன். உண்மையில், நிறுவனமே ஒருவரை முழுநேர வேலையாக வெளிநாட்டுப் பொறுப்புக்கு அனுப்பியிருந்தால்தான் அது சேரும். அம்மாவைப் பார்க்க நானாகவே வந்து, லயத்து முற்றத்தில் சிக்னல் தேடி உட்கார்ந்து பார்த்த வேலை அதில் வராது. கனடியக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் இருந்தால் அந்த நாள்கள் சேரும். சின்னப் பிள்ளைகள் கனடியப் பெற்றோரோடு இருந்தாலும் சேரும். நோயில் விழுந்த அம்மாவோடு பெரிய பிள்ளை இருந்த நாள் சேராது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, கஞ்சி கொடுத்த ஆயிரம் நாளையும் அந்த விதி நான் இல்லாத நாள்கள் என்றுதான் எண்ணுகிறது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஐந்து வருஷம் முடிந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. அந்த ஐந்து வருஷம் நம்மோடு நகர்ந்துகொண்டே வரும். என்னைச் சோதிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருஷம் பார்ப்பார்கள். நான் நவம்பர் 12 அன்று போய் இறங்கினால் அடுத்த ஆகஸ்டில் என் கையில் 739 நாள் இருக்கும். அதற்குப் பிறகு அங்கே ஒரு நாள் இருந்தால் ஒன்று கூடும். அதே வேளை 2021-இல் இருந்த ஒரு நாள் பின்னால் உதிர்ந்துபோகும். கூடுவதும் உதிர்வதும் சமமாகப் போய், 2027 நவம்பர் வரை 739 அப்படியே நிற்கும். அதாவது இரண்டு வருஷத்துக்கு என்னிடம் மிச்சமாக இருப்பது 9 நாள். போக வர மூன்று நாள் போனால் அம்மாவோடு இருக்க ஆறு நாள்.

தகரப் பெட்டி

ஜூலை 16. தென்மேற்குப் பருவ மழை நாலு நாளாக விடவில்லை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கலண்டரில் அன்றைய எண்ணை எழுதினேன். 128. அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா எழுதுற தெனமும்?"

பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு மெதுவாக, ஒரு ஓரமாக வரும். பதில் சொல்லாமல் நின்றேன். அவரே கேட்டார்: "இன்னும் எத்தன நாளு?"

சொன்னேன். கனடா, 730, நவம்பர், எல்லாம் சொன்னேன். அழுகையும் வந்தது. அவர் அழவில்லை. வலது கையால் கட்டிலுக்கு அடியைக் காட்டினார்.

"எங்கப்பாவும் இப்பிடித்தான் எண்ணிக்கிட்டு இருந்தாரு. அவரு முடிஞ்ச பொறவு எண்ணுனாரு. அந்தப் பொட்டிய எடு."

அந்தத் தகரப் பெட்டியைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், திறந்ததில்லை. பூச்சி உருண்டை வாசம். அம்மாயியின் சுங்குடிச் சேலை ஒன்று, அம்மாவின் கொழுந்துக் கூடையில் கட்டியிருந்த கயிறு, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அடியில் பழைய தாள்கள் வைத்த ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நாலாக மடித்து, மடிப்பு இற்றுப்போய் நாலு துண்டாகவே பிரிந்துவிட்ட ஓர் ஆங்கிலக் கடிதம். துண்டுகளைக் கட்டில் விரிப்பில் சேர்த்து வைத்து மெழுகுவர்த்தியில் படித்தேன். ஐந்தாறு வரிதான். விண்ணப்பதாரர் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் இலங்கைக்கு வெளியே இருந்திருப்பதால் அவருடைய வதிவு தொடர்ச்சியானது அல்ல, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படி விடுபட்டவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க அடுத்து வந்த 1949-இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் உள்விதிகளை நானே அன்றுவரை சரியாகப் படித்ததில்லை. கல்யாணமானவர்கள் 1946 ஜனவரி 1-க்கு முந்திய 7 வருஷமும் ஆகாதவர்கள் 10 வருஷமும், அதற்குப் பிறகு விண்ணப்பிக்கும் நாள் வரையிலும், இடைவிடாமல் இங்கே வதிந்ததைக் காட்ட வேண்டும். இடையில் இந்தியா போய் வந்திருக்கலாம், ஆனால் எந்த ஒரு பயணமும் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது.

தாத்தா 1931-இல் இருந்து இதே மலையில் பேர் போட்டு வேலை செய்தவர். 1947 ஜனவரியில் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. அவருடைய அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. அதே நோய். தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்கிப் போனார். ஒன்பது மாதம் அப்பாவைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். அவர் இறந்தார், கருமாதி முடிந்தது. பிறகு நிலத்தில் ஏதோ பங்குச் சிக்கல், அப்புறம் இலங்கைக்கு வருகிறவர்களை நிறுத்திவைக்கும் மண்டபம் கேம்பில் காத்திருப்பு. 1948 மார்ச்சில் திரும்பி வந்தார். போகும்போது வெள்ளைக்காரன் ஆட்சி, வரும்போது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு மாதம். அவர் வெளியே இருந்தது பதினான்கு மாதம்.

அவர் போனபோது அந்தச் சட்டமே இல்லை. 12 மாதம் என்ற எல்லையை யாரும் வகுத்திருக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த சட்டம் பின்னால் திரும்பி, அவர் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மாதங்களை எண்ணியது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுக்க, அதற்கு முன்பே விண்ணப்பம் போட்டார். விசாரணையில் வேலைக்கு வந்த நாள்களைப் பதியும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார்களாம். பதினான்கு மாதம் அவர் பேருக்கு நேரே வெறுமையாக இருந்தது. மறைக்கவோ மறுக்கவோ அவருக்குத் தோன்றவில்லை. அப்பனுக்குச் சீக்கு, போனேன் என்றார். கடிதத்தில் அந்த வார்த்தை எங்கேயும் இல்லை.

"அதுக்குப் பொறவு அவரு வெரல மடக்கி மடக்கி எண்ணுவாரு," என்றார் அம்மா. "தை, மாசி, பங்குனின்னு. கருமாதி முடிஞ்சவொடனே கப்பலேறியிருந்தா பத்து மாசந்தான். அந்த நெலத்துக்காக நின்னேனேன்னு சொல்லுவாரு. நெலமும் வரல."

அவரோடு சேர்த்து அம்மாயிக்கும் பிள்ளைகளுக்கும் எந்த நாடும் இல்லாமல் போனது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியா, இலங்கை இரண்டின் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு, நாடற்ற 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி பிறகு பார்ப்போம் என்று பிரித்தபோது, பெரிய மாமா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1974-இல் ஹட்டன் ஸ்டேஷனில், பிரிகிறவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கிய ரயிலில் ஏறியவர், கோத்தகிரியில் மறுபடியும் தேயிலை மலையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தாத்தா எதற்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 1981-இல், 50 வருஷம் உழைத்த மலையில், நாடற்றவராகவே இறந்தார். இங்கேயே பிறந்த அம்மாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது வயது 35.

எதை எண்ணுகிறார்கள்

அந்த இரவுக்குப் பிறகு என் கோபம் இடம் மாறியது. அதுவரை 730 என்ற எண்ணின் மேல்தான் கோபமாக இருந்தேன். இப்போது எண்ணின் மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. தாத்தாவின் சட்டம் கேட்டது தொடர்ச்சியை. பதினாறு வருஷம் இருந்து, ஒரு இடத்தில் நூல் அறுந்துவிட்டால் பதினாறும் போச்சு. கனடா கேட்பது கூட்டுத்தொகை. நடுவில் அறுந்தால் அறுந்ததுதான், ஆனால் அதற்கு முன் இருந்த 468 நாளை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டுப் பிழைக்கப் போன எந்த மனிதருக்கும் வாழ்க்கை அறுந்து அறுந்துதான் ஓடும். அதைத் தெரிந்துகொண்டு எழுதிய விதி என்றுதான் இதை நினைக்கிறேன்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. 730 குறைந்துபோனாலும் அதே சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. மனிதாபிமானக் காரணங்கள் உண்டா என்று அதிகாரி பார்க்கலாம். கார்ட் காலாவதியானதாலேயே உரிமை போய்விடுவதில்லை. போகவேண்டுமானால் ஒருவர் முடிவெடுத்து எழுத வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது கார்ட் இல்லையென்றால் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். மறுத்தால் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஏன் இவ்வளவு நாள் வெளியே இருந்தீர்கள், ஏன் முன்னாலேயே திரும்பவில்லை, இங்கே உங்களுக்கு என்ன வேர் இருக்கிறது என்று அங்கே கேட்பார்கள். ஏற்றுக்கொள்வார்கள் என்ற உறுதி கிடையாது. ஆனாலும் கேட்பார்கள். தாத்தாவிடம் யாராவது ஒருவர் அந்த 'ஏன்' என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தால் போதும், பெரிய மாமா கோச்சி ஏறியிருக்க மாட்டார்.

ஜூலைக்குப் பிறகு நான் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். முதல் தாள், அம்மா விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் எழுதிய குறிப்பு. பிறகு மூன்று வருஷத்துக் கிளினிக் கொப்பிகளின் பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி முத்திரையோடு. ஸ்கேன் அறிக்கை. இரண்டாவது தாக்கம் வந்தபோது டாக்டர் கொடுத்த கடிதம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று கிராம சேவகர் எழுதித் தந்த தாள். விமானச் சீட்டுகள், கட்டுநாயக்க விமான நிலைய முத்திரை உள்ள கடவுச்சீட்டுப் பக்கங்கள், கனடாவில் மூடாமல் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு, வருஷா வருஷம் தாக்கல் செய்த வரித் தாள். நம் ஆட்கள் நோயாளியைப் பார்ப்பார்கள், தாளைச் சேர்க்கமாட்டார்கள். கிளினிக் கொப்பி நிரம்பியதும் அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும். வெளிநாட்டு வதிவிட உரிமையோடு ஊரில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு கோப்பு வாங்குங்கள். நாள் போதுமா போதாதா என்பது பிறகு. காரணம் தாளில் இருக்கட்டும்.

டொரொன்டோ நண்பர் ஒருவர், "ரெண்டு தோணியில கால் வைக்காத. ஒண்ணு குடியுரிமை எடுத்துட்டுப் போயிருக்கணும், இல்ல விட்டுடணும்" என்றார். குடியுரிமைக்கு ஐந்து வருஷத்தில் 1,095 நாள் வேண்டும். அம்மா விழுந்தபோது என்னிடம் 468 இருந்தது. மிச்ச 627 நாளுக்கு அம்மாவை யார் நிறுத்தி வைப்பது? விட்டுவிடுவது என்பதும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறை முழுக்க, உரிமையென்று காட்ட ஒரு தாளும் இல்லாமல் வாழ்ந்தது. கையில் இருக்கும் ஒன்றைச் சலிப்பில் விடும் மனம் எனக்கு வராது.

நவம்பர் 12-க்குச் சீட்டு எடுத்துவிட்டேன். தம்பி கொழும்பு வேலையை விட்டு ஹட்டனில் ஒரு கடையில் சேர்ந்திருக்கிறான். சம்பளம் குறைவு, குறைவதை நான் அனுப்புவேன். அம்மா இப்போது வாக்கரைப் பிடித்து வாசல்வரை வருகிறார். கோப்பையும் அவரிடம் காட்டினேன், ஒவ்வொரு தாளும் என்ன என்று சொன்னேன். 9 நாள் கணக்கையும் சொன்னேன்.

"பத்தாவது நாளு வந்தா?" என்று கேட்டார்.

"வந்தா வருவேம்மா. எண்ணமாட்டேன். காரணத்த எழுதிக் குடுப்பேன்."

அவர் கொஞ்ச நேரம் கலண்டரையே பார்த்தார். பிறகு, தாத்தாவின் கடிதத்தையும் அந்தக் கோப்பிலேயே வைக்கச் சொன்னார். அது அங்கே எதற்கும் உதவாதும்மா என்றேன். பரவாயில்லை, வை என்றார். நாலு துண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடைசியில் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கிளினிக். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போகவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே அவரை எழுப்ப வேண்டும்.